அன்பைச் சொல்ல ஒரு மொழி

ஞாயிறுதோறும் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு நாம் பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பும் வேளையில், ஸ்பெயின் நாட்டுத் தலைநகரான மாட்ரிடில் நண்பகலாக இருக்கும். கணவரின் பணி நிமித்தம் அங்கு வாழும் நம் மகள் அந்த நேரத்தில்தான் கைபேசியில் அழைப்பாள். திண்ணையில் நாமும் நம் இல்லாளும் அமர்ந்துகொள்வோம். அந்தச் சிறு கண்ணாடிக்குள் பேத்தியின் முகம் தோன்றும். ஆறு வயதுக் குழந்தை. பிறந்ததும் வளர்வதும் அங்கேயே. தமிழில் பேசினால் விளங்கிக்கொள்வாள். ஆனால் அவள் நாவில் முந்திக்கொண்டு வருவது ஸ்பானிஷ் மொழிதான்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று அவள் நம்மைக் கூர்ந்து பார்த்து, “நன்னா, மே கியேரெஸ்?” என்று கேட்டாள்.

நமக்குப் பொருள் விளங்கவில்லை. மகள் சற்றுத் தயங்கியபின், “என்மேல் உங்களுக்குப் பிரியமா என்று கேட்கிறாள், அத்தா” என்றாள்.

எவ்வளவு எளிய கேள்வி! முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் தமிழ் போதித்த நாம், அன்பு என்னும் சொல்லுக்கு எத்தனையோ முறை கரும்பலகையில் விளக்கம் எழுதிய நாம், அந்தக் குழந்தைக்கு என்ன விடை சொன்னோம் தெரியுமா? “சாப்பிட்டாயா, கண்ணு?” என்றோம்.

குழந்தையின் முகம் வாடிற்று. அவள் எழுந்து அப்பால் போய்விட்டாள். மகள் சிறிது நேரம் ஏதும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: “இதே கேள்வியை உங்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்கும் சிறு வயதில் ஆசை இருந்தது, அத்தா. கேட்டதில்லை.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நம் ஊர் மாரண்டஹள்ளி. தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். பெயரின் பின்பாதியாகிய ‘ஹள்ளி’ கன்னடம். ஊர் என்று பொருள். பெயரே இருமொழி பேசும் ஊரில் மக்கள் மட்டும் ஒரு மொழியோடு நிற்பார்களா? சந்தைக்குப் போனால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து காதில் விழும். தக்காளிக்கு விலை பேச ஒரு மொழி, மாட்டுக்கு விலை பேச ஒரு மொழி, பள்ளிவாசல் முற்றத்தில் நலம் விசாரிக்க ஒரு மொழி என்று நம்மூர்ச் சிறுவனும் மூன்று நான்கு மொழிகளில் நீந்தி வருவான்.

இந்த மொழிகள் ஒவ்வொன்றிலும் குழந்தையைக் கொஞ்சும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்த் தாய் ‘தங்கமே’ என்கிறாள். கன்னடத் தாய் ‘சின்னா’ என்கிறாள். அதற்கும் தங்கம் என்றே பொருள். தெலுங்குத் தாய் ‘பங்காரம்’ என்கிறாள், அதுவும் தங்கமே. உருது பேசும் வீட்டில் ‘மேரி ஜான்’, என் உயிரே, என்பார்கள். ஆனால் இவையெல்லாம் தொட்டிலோடு நின்றுவிடும் சொற்கள். பிள்ளைக்குப் பத்து வயதாகிவிட்டால் தந்தையின் வாயிலிருந்து தங்கமும் போய்விடும், உயிரும் போய்விடும். எஞ்சுவது கட்டளைகளே. ‘படி’, ‘தொழு’, ‘நேரத்தோடு வீட்டுக்கு வா.’

நம் அத்தாவும் அப்படித்தான் இருந்தார்கள். புளி வாங்கி விற்பது அவர்கள் தொழில். 1972ஆம் ஆண்டு வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் படிக்க நாம் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, பேருந்து நிற்குமிடம்வரை நம் பெட்டியைத் தம் தலையில் சுமந்து வந்தார்கள். வழிநெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேருந்தில் ஏறி அமர்ந்தபின், சாளரத்தின் வழியே ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். அம்மா போட்ட உப்பு நாரத்தங்காய். “பார்த்துப் போ” என்றார்கள். அவ்வளவுதான். பேருந்து திருப்பத்தில் மறையும்வரை அவர்கள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

1989இல் அவர்கள் மவுத்தானார்கள். நம்மேல் அவர்களுக்கு இருந்த பாசத்தை அவர்கள் ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. நாமும் அவர்களிடம் சொன்னதில்லை. தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரிந்தே இருந்தது. ஆயினும் கபுருஸ்தானுக்கு ஸியாரத் செய்யப் போகும்போதெல்லாம், சொல்லாமல் விட்ட ஒரு சொல் தொண்டையில் நிற்பதை இன்றளவும் உணர்கிறோம்.

மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ எழுதினோம். அறுபத்தொன்பதாம் வயதில் ஸ்பானிஷ் பாடம் தொடங்கிற்று. நமக்கு ஆசிரியை நம் மகள். ஏறத்தாழ ஐம்பது கோடிப் பேருக்குத் தாய்மொழி அது. ஸ்பெயினோடு மெக்சிக்கோ முதல் அர்ஜென்டீனா வரை எத்தனையோ நாடுகளில் வழங்குவது. அவ்வளவு பெரிய மொழியில் நமக்கு வேண்டியவை பத்துப் பன்னிரண்டு சொற்களே. விலை பேசும் சொற்கள் வேண்டா. வழி கேட்கும் சொற்களும் வேண்டா. அன்பைச் சொல்லும் சொற்கள் மட்டும் போதும் என்றோம். மகள் சிரித்தாள்.

முதற்சொல் ‘தே கியெரோ’. குழந்தை கேட்ட ‘மே கியேரெஸ்’ என்னும் கேள்விக்குரிய விடை இது. இதன் அடி ‘கெரேர்’ என்னும் வினை. அகராதியைப் புரட்டியபோது நமக்குச் சற்றுத் திகைப்பு. ‘வேண்டுதல்’ என்பது அதன் முதற்பொருள்! கடையில் போய் ரொட்டி வேண்டும் என்பதற்கும் அதே வினைதான். மேலும் தோண்டினால் இலத்தீன் மொழியில் அதன் மூலம் ‘தேடுதல்’ என்னும் பொருள் தருகிறது. உன்னைத் தேடுகிறேன், நீ எனக்கு வேண்டும் என்பதே நாளடைவில் உன்மேல் அன்பு கொண்டுள்ளேன் என்று கனிந்திருக்கிறது. நம் வழக்கில் மட்டும் என்ன? தொலைவில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசும் தாய், ‘மனசு தேடுது’ என்றுதானே சொல்கிறாள்!

‘தே ஆமோ’ என்று இன்னொரு தொடரும் உண்டு. அது இதைவிடக் கனமானது. ஸ்பெயினில் பெரும்பாலும் கணவன் மனைவியரும் காதலரும் சொல்வது; அதையும் நாள்தோறும் வாரி இறைப்பதில்லை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் நண்பருக்கும் உரியது ‘தே கியெரோ’. இந்த வேற்றுமையை அறியாமல் அண்டை வீட்டாரிடம் ‘தே ஆமோ’ என்று சொல்லிவிடாதீர்கள், அத்தா, என்று மகள் எச்சரித்தாள்.

அடுத்தது ‘கரீஞ்ஞோ’. பாசம் என்பது பொருள். பாசத்துக்குரியவரை அழைக்கும் விளியும் அதுவே. ‘மி வீதா’ என்றால் என் உயிர். நம்மூர் உருதுக்காரர்களின் ‘மேரி ஜான்’ அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. ‘மி தியேலோ’ என்றால் என் வானம். ‘தெசோரோ’ என்றால் புதையல். நம் தங்கத்துக்கு உறவு. சிறுவனை ‘மி ரேய்’ என்றும் சிறுமியை ‘மி ரெய்னா’ என்றும் கொஞ்சுவார்களாம். முன்னது ‘என் ராசா’, பின்னது ‘என் ராணி’. இதைக் கேட்டதும் நம் இல்லாள், “அட, நம் வீட்டுப் பேச்சேதான்!” என்று வியந்தாள். லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவற்றில் தாயானவள் தன் சின்னஞ்சிறு மகனையே ‘பாப்பி’ என்றும், மகளை ‘மாமி’ என்றும் அழைக்கிறாள். அதாவது அப்பா என்றும் அம்மா என்றும்! மகனைப் பார்த்து ‘என்னத்தா’ என்றும், மகளைப் பார்த்து ‘வாம்மா’ என்றும் விளிக்கும் நமக்கு இதில் புதுமை ஏது?

நம் நெஞ்சைத் தொட்ட சொல் வேறொன்று. ‘கூயிதாத்தே’ என்பது அது. ‘உன்னைக் கவனித்துக்கொள்’ என்று பொருள். பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்வதானால் ‘கூயிதேசே’. விடைபெறும்போது சொல்வது. இதன் இலத்தீன் மூலத்துக்கு ‘எண்ணுதல், சிந்தித்தல்’ என்று பொருள். ஆக, ஒருவரைப் பேணுவது என்பது அவரை நினைத்துக்கொண்டிருப்பது என்று அந்த மொழி கருதியிருக்கிறது. தமிழோ பேணுதலைப் பார்வையில் வைத்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள், அம்மாவைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறோம். அன்று பேருந்தின் ஓரம் நின்று நம் அத்தா சொன்ன ‘பார்த்துப் போ’ என்பதை அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வேற்றுமொழியின் சொல்லை வைத்துக்கொண்டு நாம் மீண்டும் படித்தோம். அவர்கள் அன்று சொல்லாமல் விடவில்லை. தமக்குத் தெரிந்த மொழியில் சொல்லித்தான் இருந்தார்கள்.

பாடம் முன்னேற முன்னேற, நாம் எதிர்பாராத உறவினர் பலர் அந்த மொழிக்குள்ளிருந்து எழுந்து வந்து நமக்கு ஸலாம் சொன்னார்கள். கி.பி. 711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்த நாள் முதல் 1492இல் கிரனாடா வீழ்ந்த நாள்வரை, ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக் காலம் அந்த மண்ணின் ஏதேனும் ஒரு பகுதியில் முஸ்லிம்களின் ஆட்சி நடந்தது. மாட்ரிட் நகரமே ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவின் அமீர் முதலாம் முஹம்மத் எழுப்பிய ‘மஜ்ரீத்’ என்னும் கோட்டையிலிருந்து வளர்ந்ததுதான். கிளைச்சொற்களையும் சேர்த்து ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள் ஸ்பானிஷில் அரபு வழி வந்தவை என்று அறிஞர் மதிப்பிடுவர். சர்க்கரைக்கு ‘அசூக்கர்’, அது அரபியின் ‘அஸ்ஸுக்கர்’. அரிசிக்கு ‘அர்ரோஸ்’, அது ‘அர்ருஸ்’. தலையணைக்கு ‘அல்மோஆதா’; அது ‘அல்மிகத்தா’. நகரத் தலைவருக்கு ‘அல்கால்தே’. அவர் வேறு யாருமல்லர், நம் ‘அல்காழி’தான். நம் ‘மிஸ்கீன்’ அங்கே ‘மெஸ்கீனோ’ என்று போய் அற்பன், கருமி என்னும் பொருளில் வழங்குகிறான். ஏழைக்கு நேர்ந்த அந்தக் கதியை எண்ணி நாம் சற்று வருந்தினோம்.

இவற்றுள் தலையாயது ‘ஓஹலா’ என்னும் சொல். ‘அப்படி நடக்கவேண்டுமே’ என்று மனம் ஏங்கும்போது சொல்வது. அல்லாஹ் நாடினால் என்னும் பொருளுடைய அரபுத் தொடரே தேய்ந்து இச்சொல்லாயிற்று. தாம் இறைவன் பெயரை அரபியில் உச்சரிக்கிறோம் என்று எண்ணாமலே கோடிக்கணக்கானோர் அன்றாடம் அதை உச்சரிக்கின்றனர். இதே கருத்தைத் தம் மொழியில் சொல்லும்போது ‘சி தியோஸ் கியேரே’, இறைவன் நாடினால், என்கின்றனர். அந்தக் ‘கியேரே’தான் நம் பேத்தி கேட்ட கேள்வியில் வந்ததும்! நாடுவதற்கும் அன்பு செய்வதற்கும் ஒரே வினை.

இன்னும் ஒன்று. அந்தலூஸ் நாட்டு அரபுப் புலவர்களும் யூதப் புலவர்களும் ‘முவஷ்ஷஹ்’ என்னும் பாவகையைப் பாடினார்கள். அதன் இறுதி அடிகளுக்குக் ‘கர்ஜா’ என்று பெயர். அவற்றுள் சில, பதினொன்று பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டு மக்கள் பேசிய பழைய ரோமானிய மொழியில் அமைந்து, அரபு எழுத்திலோ எபிரேய எழுத்திலோ எழுதப்பட்டவை. 1948இல் ஸாமுவேல் ஸ்டெர்ன் என்னும் அறிஞர் அவற்றை விளக்கி வெளியிட்டபோது இலக்கிய உலகம் வியந்தது. அம்மண்ணின் மக்கள்மொழியில் எழுத்தில் நிலைத்த மிகப் பழைய அன்புக் குரல்களுள் அவை அடங்கும். பாடுபவள் பெரும்பாலும் ஓர் இளம்பெண். அவள் தன் தாயை அழைத்துத் துயரத்தைச் சொல்கிறாள். தன் அன்பனை அவள் குறிக்கும் சொல் ‘ஹபீப்’. தாய்க்குத் தன் மொழிச் சொல், அன்பனுக்கு அரபுச் சொல். இரு மொழிகள் கைகோத்தே அங்கு அன்பு முதலில் பேசியிருக்கிறது.

பிற்காலத்து வரலாறு துயரமானது. கிரனாடா வீழ்ந்தபின் முஸ்லிம்கள் மதம் மாறும்படி நெருக்கப்பட்டனர். 1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னரின் ஆணை அரபு மொழியையே தடை செய்தது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அம்மக்களில் பலருக்கு அரபு மறந்துபோயிற்று; அரபு எழுத்து மட்டும் மறக்கவில்லை. எனவே ஸ்பானிஷ் மொழியையே அரபு எழுத்தில் எழுதினார்கள். துஆக்களும் நபிமார் வரலாறுகளும் மார்க்கச் சட்டங்களும் அப்படி எழுதப்பட்டன. 1884இல் அல்மொனாசித் தெ லா சியெர்ரா என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியில் இத்தகைய சுவடிகள் குவியலாகக் கிடைத்தன. அந்த எழுத்துமுறைக்கு ‘அல்ஹமியா’ என்று பெயர். ‘அஜமி’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது அது.

வாசகர்களுக்கு இதைக் கேட்டதும் நம் அரபுத் தமிழ் நினைவுக்கு வருகிறதல்லவா? தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரையும், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடல் கடந்த கணவருக்கு அந்த எழுத்தில் கடிதம் வரைந்த நம் தாய்மாரையும் எண்ணிப் பாருங்கள். அங்கே அச்சத்தால் ஒளித்துவைத்தார்கள். இங்கே அன்போடு அஞ்சலில் அனுப்பினார்கள். ஆயினும் மனத்துக்கு மிக நெருங்கியதை நெருங்கிய மொழியிலேயே எழுதவேண்டும் என்னும் வேட்கை இரண்டிடத்தும் ஒன்றே.

சொற்கள் மட்டுமா பயணம் செய்தன? நம்மூர் வயல்களில் விளைந்து பாலக்கோட்டுச் சந்தையில் மலைபோல் குவியும் தக்காளி, மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடி மக்களின் பயிர். அவர்கள் ‘தொமாத்ல்’ என்றதை ஸ்பானியர் ‘தொமாத்தே’ என்றனர். அதுவே உலகெங்கும் பரவிற்று. பதிலுக்கு நாமும் கொடுத்திருக்கிறோம். அத்தா விற்ற புளியை அராபியர் ‘தம்ர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை, என்றனர். ஸ்பானிஷில் அது ‘தமரிந்தோ’. தமிழும் மலையாளமும் கொடுத்த மாங்காய், போர்த்துகீசியர் வழியாகப் போய் அங்கே ‘மாங்கோ’ ஆயிற்று. ஆரஞ்சுப் பழத்துக்கு ‘நரன்ஹா’ என்கிறார்கள். அரபியில் ‘நாரஞ்ஜ்’, பாரசீகத்தில் ‘நாரங்’, வடமொழியில் ‘நாரங்க’. அதற்கும் முன்னே நம் ‘நாரத்தை’யின் இனமான ஒரு திராவிடச் சொல் இருந்திருக்கவேண்டும் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. தம் வாழ்க்கைத் துணையை ஸ்பானியர் ‘மி மெதியா நரன்ஹா’, என் பாதி ஆரஞ்சு, என்று செல்லமாகச் சொல்வார்கள். அன்று அத்தா நீட்டிய உப்பு நாரத்தங்காய்ப் பொட்டலத்துக்குள், ஒரு தொலைதேசத்தின் அன்புச் சொல்லும் சேர்ந்தே பொதிந்திருந்தது என்பது நமக்கு அன்று எப்படித் தெரியும்?

ஆனாலும் மனம் ஒரு தடை எழுப்பிற்று. சொல்லிச் சொல்லி அன்பு மலிந்துவிடாதா? ஸ்பெயினில் காய்கறிக் கடைக்காரரும் முன்பின் அறியாதவரைக் ‘கரீஞ்ஞோ’ என்று அழைப்பதுண்டாம். அப்படியானால் அச்சொல்லுக்கு என்ன மதிப்பு? செயலில் காட்டாத அன்பு வெறும் காற்றுத்தானே?

இதற்கு மகள் தன் எதிர்வீட்டு மூதாட்டியைப் பற்றிச் சொன்னாள். கணவரை இழந்து தனியே வாழ்பவர். பேத்தி பிறந்த நாளில் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, நாம் இங்கிருந்து தொலைபேசியில் தவித்துக்கொண்டிருந்தோமே தவிர வேறு செய்ய வழியில்லை. அந்த அம்மையார் பத்து நாள் காலையும் மாலையும் சூப் காய்ச்சிக் கொண்டுவந்தாராம். மகள் பன்றி இறைச்சி உண்ணாதவள் என்பதை அறிந்து, அதற்கெனப் புதுப் பாத்திரம் ஒன்றே வாங்கிவைத்தாராம். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகும்போது தவறாமல், “கூயிதாத்தே, இஹா” என்பாராம். ‘பார்த்துக்கொள், மகளே’ என்று பொருள். “சூப் உடம்புக்கு ஆயிற்று, அத்தா. ‘மகளே’ என்ற சொல்தான் என்னை எழுந்து உட்காரவைத்தது” என்றாள் மகள்.

நமக்கு நம் தாஹா நபியின் (ஸல்) அவைக்களம் நினைவுக்கு வந்தது. அபூதாவூது தொகுப்பில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி அது. அண்ணலாரின் அருகில் ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் அவ்வழியே கடந்து போனார். அமர்ந்திருந்தவர், தாம் அவரை நேசிப்பதாகக் கூறினார். அதை அவரிடம் தெரிவித்தீரா என்று பெருமானார் வினவினார்கள். இல்லை என்றார் அவர். தெரிவிக்குமாறு அண்ணலார் பணித்தார்கள். அவர் எழுந்து விரைந்து சென்று, அல்லாஹ்வுக்காகத் தாம் அவரை நேசிப்பதைச் சொன்னார். கேட்டவரோ, எவனுக்காக நீர் என்னை நேசிக்கிறீரோ அவன் உம்மை நேசிப்பானாக என்று துஆச் செய்தார். மனத்தில் இருப்பது போதாதா, செயலில் தெரியாதா என்று அண்ணலார் விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பேரர் ஹஸன் (ரலி) அவர்களை நாயகம் முத்தமிட்டபோது, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ பின் ஹாபிஸ் பெருமையாகவோ வியப்பாகவோ சொன்னதும், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபிகளார் உணர்த்தியதும் நாம் மதரஸாவில் படித்தவையே. அந்த அக்ரஃ யாரோ பாலைவனத்து மனிதர் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். மாரண்டஹள்ளியிலும் ஒருவர் இருந்திருக்கிறார்!

இவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் பள்ளி விடுமுறைக்கு மகளும் பேத்தியும் ஊர் வந்தார்கள். மாம்பழக் காலம் முடியும் தறுவாய். சந்தையில் பெங்களூரா மாங்காய் இன்னும் வந்துகொண்டிருந்தது. வந்த முதல் நாளே குழந்தை ஓர் உண்மையைக் கண்டுபிடித்தாள். நன்னா ஒரு நாளைக்கு மூன்று முறை தன்னிடம் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிறார்! தாயிடம் போய்க் காரணம் கேட்டிருக்கிறாள். “நன்னாவின் மொழியில் அதற்குத் ‘தே கியெரோ’ என்று பொருள்” என்று மகள் சொல்லியிருக்கிறாள். குழந்தை சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் இரண்டையும் சொல்லலாமே?” என்றாளாம்.

அன்று மஃரிபுக்குப் பின் திண்ணையில் அவளை மடியில் அமர்த்திக்கொண்டு, ஓர் ஆண்டாய்ப் பயின்றதை அரங்கேற்றினோம். “தே கியெரோ, மி வீதா.”

குழந்தை நம் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு மிகுந்த பொறுப்போடு, “இல்லை நன்னா, நாக்கை இன்னும் மெதுவாகத் தொடவேண்டும்” என்று ரகரத்தைத் திருத்தினாள். நான்கு முறை சொல்லவைத்தபின் தேர்ச்சி வழங்கி, நம் தாடியில் முத்தமிட்டு ஓடிவிட்டாள். ஸ்பானிஷில் ‘நானா’ என்றால் தாலாட்டாம். எதிர்வீட்டு மூதாட்டி, உன் பாட்டனார் ஒரு தாலாட்டா என்று கேட்டுச் சிரித்த கதையையும் அன்றுதான் சொன்னாள். நமக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது. அவளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கத் தொடங்கியபோது, நம்மூர்ப் பிள்ளைகள் திணறும் ‘ஸே’ என்னும் எழுத்தையும் ‘ஹே’யின் கரகரப்பான தங்கையான ‘கே’யையும் அவள் இயல்பாக உச்சரித்தாள். ஸ்பெயின் நாட்டுப் பேச்சில் அவ்விரண்டு ஒலிகளையும் போன்றவை உண்டு. அவை அரபியிலிருந்து வந்தவையல்ல, பிற்காலத்தில் தாமே முளைத்தவை என்பர் மொழிநூலார். எப்படியோ, அல்லாஹ் நம் வேலையை எளிதாக்கினான்.

குழந்தையிடம் சொல்வது எளிதாகிவிட்டது. மகளிடம் சொல்வதுதான் எஞ்சியது. நாற்பது வயதை நெருங்கும் மகளிடம், இத்தனை காலம் சொல்லாததை எந்த வாயால் சொல்வது? ‘நேசிக்கிறேன்’ என்றால் மேடைப் பேச்சாகிறது. ‘காதல்’ என்னும் சொல்லைத் திரைப்படங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஸ்பானிஷில் சொல்லிவிடலாமா என்றுகூட எண்ணினோம். பிறமொழியில் சொல்வது எளிது. அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பழைய கணக்கு ஏதும் இல்லை. ஆனால் சிறுமியாக இருந்தபோது அவள் கேட்க நினைத்த கேள்வி தமிழில் அல்லவா இருந்தது? அதற்கு விடையும் தமிழில்தானே தரவேண்டும்?

ஆகஸ்டு மாதத்தில் அவர்கள் திரும்பும் நாள் வந்தது. பஜ்ரு தொழுத கையோடு பெங்களூரு விமான நிலையம் செல்லும் வண்டி வாசலில் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. நன்னிமா கொடுத்த ஊறுகாய்ப் புட்டிகளும் ஏறின. மகள் ஸலாம் சொல்லக் குனிந்தாள். நம் அத்தா நின்ற அதே இடத்தில் நாம் நிற்பதாக ஒரு கணம் தோன்றிற்று. ‘பார்த்துப் போ’ என்று வாய் தானாகத் தொடங்கியது. அதை நிறுத்தினோம்.

“அம்மா, உன்மேல் எனக்கு ரொம்பப் பிரியம். எப்போதும் இருந்தது. சொல்லாதது என் தப்பு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நம் சட்டைப் பொத்தானைச் சரி செய்வதுபோல் சிறிது நேரம் குனிந்தே நின்றாள். பிறகு வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, “இரவு மாத்திரையை மறக்காதீர்கள், அத்தா. வேளைக்குச் சாப்பிடுங்கள்” என்றாள்.

நாம் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள், கண்கள் நனைந்திருந்தன. அந்தப் பழைய மொழியில் அவள் விடை சொல்லிவிட்டாள் என்பது நமக்கு விளங்கிற்று. குழந்தை மட்டும் வண்டியிலிருந்து தலையை நீட்டி, தமிழில், “நன்னா, சாப்பிட்டியா?” என்று உரக்கக் கேட்டாள். பொழுதுகூடப் புலரவில்லை, யார் சாப்பிடுவார்? ‘நீங்கள்’ என்று சொல்லவும் அவளுக்கு வரவில்லை. அந்த ‘நீ’யைத் திருத்த நமக்கு மனம் வரவில்லை.

வாசக நேயர்களே! செயலால் காட்டும் அன்பில் நம் தந்தையர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். தலையில் பெட்டி சுமந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் சொல்வதும் ஒரு கடமை என்று நம் நாயகம் கற்பித்திருக்க, அதை மட்டும் விட்டுவைப்பானேன்? உங்கள் வீட்டில் வளர்ந்த மகன் இருப்பான். மணமாகிப் போன மகள் இருப்பாள். முதுமையில் ஒரு மூலையில் தஸ்பீஹ் உருட்டும் தாய் இருப்பார். எந்த மொழியில் வேண்டுமானாலும் ஆகட்டும், நாக்குக் குழறினாலும் ஆகட்டும், அடுத்த வேளை உணவுக்கு முன் சொல்லிவிடுங்கள். கபுருஸ்தானில் போய்ச் சொல்லும் சொல்லுக்கு ‘சாப்பிட்டாயா’ என்றுகூட மறுமொழி வருவதில்லை.

அன்பே இயல்பான ‘அல்வதூத்’ ஆகிய அல்லாஹ், நம் இல்லங்களில் பாசத்தை நிறைத்து, அதை எடுத்துச் சொல்லும் நாவையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.